புர்ஹான்பூரிலிருந்து ஆக்ராவுக்கு: மும்தாஜ் போன வழி

செவ்வாய், புர்ஹான்பூர்

தாஜ்மஹாலைப் பார்க்கக் கிளம்பிய நாங்கள் முதலில் வந்து இறங்கியிருப்பது புர்ஹான்பூரில். மத்தியப் பிரதேசத்தின் தெற்கு ஓரத்தில், தப்தி ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஊர். மும்பையிலிருந்து பூசாவல் தாண்டி வடக்கே போகும் ரயில்கள் பல இந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால் தாஜ் பார்க்கப் போகிறவர்கள் யாரும் இங்கே இறங்குவதாகத் தெரியவில்லை. எங்களோடு இறங்கியவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள்.

மும்தாஜ் மஹால் இறந்தது இந்த ஊரில்தான், 1631 ஜூன் 17 அன்று. பதினான்காவது பிரசவம். வயது 38. ஆக்ராவுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், ஆறு மாதம் இந்த ஆற்றின் அக்கரையில் இருக்கும் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்து வைத்திருந்தார்கள். "கட்டினதைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, எதுக்காகக் கட்டினாங்கங்கிறதைப் பார்த்துட்டுப் போகலாம்" என்றாள் அக்கா. அக்கா பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தப் பயணத்தை இப்படி அமைத்தது அவள்தான்.

மதியம் ஷாஹி கிலாவுக்குப் போனோம். ஆற்றை ஒட்டி உயர்ந்து நிற்கும் அரண்மனை. பெரும்பகுதி இடிந்துவிட்டது. ஃபாரூக்கி சுல்தான்கள் காலத்தில் எழுந்ததை முகலாயர்கள் தங்கள் தக்காணத் தலைமையிடமாக வைத்துக்கொண்டார்கள். உள்ளே நன்றாக மிஞ்சியிருப்பது ஹம்மாம், அதாவது குளியல் மண்டபம். கூரை முழுக்க ஓவியம். சிவப்பும் பச்சையும் மங்கினாலும் பூக்கொடிகளின் வளைவு தெளிவாகத் தெரிகிறது. அங்கே வரைந்திருக்கும் கட்டடம் ஒன்றைக் காட்டி, தாஜ்மஹாலுக்கு இதுதான் முன்மாதிரி என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் மும்தாஜ் இந்தக் கூரையைப் பார்த்தபடி இங்கே இருந்திருப்பார் என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றோம்.

மும்தாஜ் என்பது பிறகு வந்த பட்டம். இயற்பெயர் அர்ஜுமந்த் பானு. ஆசஃப் கானின் மகள், பேரரசர் ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹானுக்கு அண்ணன் மகள். 1607இல், அப்போது இளவரசராக இருந்த ஷாஜஹானோடு நிச்சயம் ஆனது. கல்யாணமோ 1612இல்தான். நடுவில் 1610இல் இளவரசருக்கு அரசியல் காரணத்துக்காகப் பாரசீக அரச குடும்பத்துப் பெண்ணோடு ஒரு திருமணம் நடந்தது. பிறகும் ஒன்று நடந்தது. ஆனால் மற்ற மனைவியரோடு இருந்த உறவு பெயரளவுக்குத்தான் என்று ஷாஜஹானின் அரசவை வரலாற்றாசிரியர் கஸ்வினியே எழுதி வைத்திருக்கிறார். அரசாங்க முத்திரையைக்கூட மும்தாஜின் பொறுப்பில்தான் ஷாஜஹான் விட்டிருந்தார்.

அக்கா பிள்ளைகளின் பட்டியலை எழுதி வைத்திருந்தாள். யார் எந்த ஊரில் பிறந்தார்கள் என்று பார்த்தால் அதுவே ஒரு பயண வரைபடம். ஜஹானாரா, தாரா ஷிகோ, ஷுஜா மூவரும் அஜ்மீர். ரோஷனாரா 1617இல் இதே புர்ஹான்பூர். ஔரங்கசீப் 1618இல் குஜராத்தின் தாஹோத். முராத் 1624இல் பிகாரின் ரோதாஸ் கோட்டை. அப்போது ஷாஜஹான் தன் தகப்பனார் ஜஹாங்கீருக்கு எதிராகக் கலகம் செய்து, தெலங்கானா, ஒடிசா, வங்காளம் என்று ஓடிக்கொண்டிருந்தார். மனைவியும் கூடவே. கடைசியில் சமாதானம் ஆனபோது தாராவையும் ஔரங்கசீப்பையும் தாத்தாவிடம் பிணையாக அனுப்ப வேண்டியிருந்தது. பிள்ளைகள் பதினான்கில் பிழைத்தது ஏழு.

ஒவ்வொரு பிரசவத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கை. அதற்கப்புறம் அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

புதன், புர்ஹான்பூர்

காலையில் ஆட்டோ பிடித்துப் பாலம் வழியாக அக்கரைக்கு, ஜைனாபாத்துக்குப் போனோம். ஆஹுகானா என்கிறார்கள். மான்களை வளர்த்த அரச தோட்டம். இப்போது மானும் இல்லை, தோட்டமும் இல்லை. நாலு பக்கமும் வளைவுகளோடு ஒரு பாராதரி மண்டபம், சுற்றிலும் புதர், கொஞ்சம் தள்ளி வயல்கள். மும்தாஜை முதலில் அடக்கம் செய்த இடம் இதுதான்.

ஷாஜஹான் இங்கே வந்தது தக்காணப் போருக்காக. கான் ஜஹான் லோடி என்ற தளபதி கலகம் செய்து தெற்கே ஓடி வந்திருந்தார். அதே சமயம் 1630 முதல் 1632 வரை குஜராத்தையும் தக்காணத்தையும் பெரும் பஞ்சம் தின்றுகொண்டிருந்தது. உயிரையே ஒரு ரொட்டிக்கு விற்கத் தயாராக இருந்தார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை என்கிறது அரசவைக் குறிப்பு. புர்ஹான்பூரில் கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள், திங்கட்கிழமைதோறும் 5,000 ரூபாய் தானம் கொடுத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்! மும்தாஜின் மரணத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ராணி இறந்த அதே ஊரில், அதே மாதங்களில், பெயர் தெரியாத எத்தனையோ பெண்கள் பசியால் செத்திருக்கிறார்கள்.

மும்தாஜின் பிரசவம் முப்பது மணி நேரம் நீடித்தது என்பார்கள். பிறந்தது பெண் குழந்தை, கௌஹர் ஆரா. பிறகு தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

அக்கா பாராதரியின் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நிறைய பிள்ளை பெத்த உடம்புல கர்ப்பப்பைக்குச் சுருங்குற பலம் குறைஞ்சு போயிடும். பிரசவமும் இழுத்துட்டா இன்னும் மோசம். பிள்ளை வெளிய வந்ததும் அது இறுகணும். இறுகலைன்னா ரத்தம் கொட்டும். எங்க வார்டுல அதுக்கு ஊசி தயாரா இருக்கும், ரத்தம் தயாரா இருக்கும். அந்தம்மாவுக்கு ராஜ்ஜியமே இருந்துச்சு, அது ரெண்டும்தான் இல்லை."

ஷாஜஹான் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. அதுவரை தாடியில் பத்துப் பன்னிரண்டு நரைமுடிதான் இருந்ததாம். சில நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளுத்துவிட்டது என்று அரசவை வரலாற்றாசிரியர் அப்துல் ஹமீத் லாஹோரி எழுதுகிறார். இரண்டு வருடம் பாட்டு இல்லை, நகை இல்லை, பட்டு இல்லை. அரசவை வரலாறு அரசரைப் புகழத்தான் எழுதப்பட்டது. ஆனால் இந்த நரைமுடிக் கணக்கு புகழ்ச்சிக்காகச் சேர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அரசனுக்குப் பெருமை சேர்க்க வேறு எத்தனையோ விஷயம் சொல்லலாமே.

இதே ஜைனாபாத்தில் இன்னொரு கதையும் உண்டு. சுமார் இருபது வருடம் கழித்து, தக்காண ஆளுநராக வந்த ஔரங்கசீப் ஹீராபாய் என்ற பாடகியைக் கண்டு மயங்கியது இந்தத் தோட்டத்தில்தான் என்பார்கள். அவள் எட்டிக் குதித்து ஒரு மாம்பழத்தைப் பறித்தாளாம். அவ்வளவு இறுக்கமான மனிதர் மனசை விட்ட இடம், அவர் அம்மாவை முதலில் புதைத்த தோட்டம். ஹீராபாயும் சீக்கிரமே இறந்துபோனாள்.

திரும்பும் வழியில் கர்பூஜா மஹாலைத் தேடிப் போனோம். முலாம்பழம் போல விரிந்த குமிழ்க் கட்டடம், சின்னது, உள்ளே சுவரெல்லாம் அழகான வண்ணச் சித்திரம். இது பில்கிஸ் பானு பேகத்தின் கல்லறை. ஷுஜாவின் மனைவி. 1633இல் கல்யாணம், மறு வருடமே பிரசவத்தில் மரணம். மும்தாஜின் உடலை 1631 டிசம்பரில் இங்கிருந்து ஆக்ராவுக்கு எடுத்துப் போன பதினைந்து வயதுப் பையன்தான் இந்த ஷுஜா. அம்மாவைக் கொண்டுபோனவர், மூன்று வருடத்துக்குள் அதே ஊரில் அதே காரணத்தால் மனைவியையும் பறிகொடுத்திருக்கிறார். ஔரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானுவும் 1657இல் பிள்ளை பெற்ற ஒரு மாதத்தில் போனவர்தான். அவருக்காக எழுந்த கல்லறைதான் ஔரங்காபாத்தின் பீபி கா மக்பரா. ஒரே குடும்பத்தில் மாமியாரும் இரண்டு மருமகள்களும்.

புர்ஹான்பூருக்கு இரண்டு நாள் போதாது. 1615இல் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் அமைத்த நிலத்தடி நீர்வழியான குண்டி பண்டாராவை எட்டித்தான் பார்க்க முடிந்தது. ஜும்மா மசூதியில் அரபிக் கல்வெட்டோடு சமஸ்கிருதக் கல்வெட்டும் இருக்கிறது, அதற்காகவே ஒருமுறை வரலாம். மாவா ஜிலேபி கறுப்பாக, கனமாக இருக்கும். ஒன்றுக்கு மேல் சாப்பிட முடியாது. இரவு ரயிலில் ஆக்ரா.

வியாழன், ஆக்ரா

ரயிலில் 800 கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டோம். மும்தாஜின் உடலைக் கொண்டுவந்த ஊர்வலம் டிசம்பர் குளிரில் புறப்பட்டு ஜனவரியில் வந்து சேர்ந்தது. ஷுஜாவோடு ஹக்கீம் வசீர் கானும், மும்தாஜின் நெருங்கிய தோழியான சத்தி-உன்-நிஸா கானமும் வந்தார்கள். வழியெங்கும் ஏழைகளுக்கு உணவும் காசும் கொடுத்துக்கொண்டே வந்ததாகக் குறிப்பு இருக்கிறது.

இன்று யமுனையின் கிழக்குக் கரை மட்டும். முதலில் இதிமாத்-உத்-தௌலா கல்லறை. 'குட்டி தாஜ்' என்று கைடுகள் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இது தாஜுக்கு முன்னால் வந்தது, 1622 தொடங்கி 1628க்குள் நூர்ஜஹான் தன் பெற்றோருக்காகக் கட்டியது. மும்தாஜுக்கு இவர்கள் தாத்தா பாட்டி. வெள்ளைப் பளிங்கில் வண்ணக் கற்களைப் பதிக்கும் வேலை சுவர் முழுக்க நிறைந்திருக்கிறது: பூச்சாடி, சைப்ரஸ் மரம், பழக்கிண்ணம், மதுக்குப்பி.

தாத்தா மிர்சா கியாஸ் பேக் (இதிமாத்-உத்-தௌலா அவருடைய பட்டம்), பாட்டி அஸ்மத் பேகம். ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தது பாட்டிதான் என்று ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் பாராட்டுகிறார். பாட்டி முதலில் இறந்தார். துணையை இழந்த பிறகு தாத்தா நாளுக்கு நாள் உருகிப்போய், சில மாதங்களில் தானும் போய்ச் சேர்ந்தார் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. ஆக, இந்தக் குடும்பத்தில் மனைவிக்காக உருகிய முதல் ஆள் ஷாஜஹான் இல்லை.

உள்ளே போனால் கவனித்துப் பாருங்கள். கூடத்தின் சரியான நடுவில் இருப்பது மனைவியின் சமாதி. கணவருடையது பக்கத்தில், மேற்கே. தாஜ்மஹாலிலும் இதே அமைப்புதான். அங்கே ஷாஜஹானின் சமாதி ஓரமாக இருப்பதைக் காட்டி, மகன் ஏதோ இடம் கிடைத்த மூலையில் அப்பாவைத் திணித்துவிட்டான் என்று காலங்காலமாகக் கதை சொல்கிறார்கள். இங்கே வந்து நின்று பார்த்த பிறகு அந்தக் கதையை நம்ப முடியாது.

அப்புறம் மெஹ்தாப் பாக் தோட்டம். தாஜுக்கு நேர் எதிர்க்கரை. ஷாஜஹான் தனக்காகக் கறுப்புத் தாஜ் கட்டத் தொடங்கினார் என்ற வதந்தி பிறந்தது இந்த இடத்தை வைத்துத்தான். பிரெஞ்சு வியாபாரி தாவர்னியே எழுதியதிலிருந்து அது பரவியது. 1990களில் தோண்டிப் பார்த்தபோது கறுப்புக் கல்லறையின் அஸ்திவாரம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது 25 நீரூற்றுகள் கொண்ட பெரிய எண்கோணக் குளம். நிலா வெளிச்சத்தில் தாஜின் பிம்பம் அதில் தெரிந்திருக்கும். 1652இல் ஔரங்கசீப் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், மெஹ்தாப் பாக் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிறது, தாஜின் குவிமாடம் மழையில் ஒழுகுகிறது என்று தெரிவிக்கிறார். கட்டி முடித்த கையோடு ஒழுகல்! கறுப்புத் தாஜ் கதையைவிட இந்தக் கடிதம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவின் கல்லறைக் கூரை ஒழுகுகிறதே என்று கவலைப்படும் மகனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சாயங்காலம் வரை ஆற்றங்கரையில் இருந்தோம். யமுனையில் தண்ணீர் குறைவு, நாற்றம் அதிகம். இவ்வளவு அழகான ஒன்றின் காலடியில் ஓடும் ஆற்றை இந்த நிலையில் வைத்திருப்பது நெஞ்சை அறுக்கிறது.

வெள்ளி, ஆக்ரா

வெள்ளிக்கிழமைகளில் தாஜ் மூடியிருக்கும். தொழுகைக்கு வருபவர்களுக்கு மட்டும் அனுமதி. அதனால் கோட்டை.

1658இல் ஔரங்கசீப் ஆட்சியைப் பிடித்ததும் ஷாஜஹானை இந்தக் கோட்டைக்குள்ளேயே சிறைவைத்தார். முசம்மன் புர்ஜ் என்ற எண்கோணப் பளிங்கு மாடத்திலிருந்து பார்த்தால் ஆற்றின் வளைவில் தாஜ் தெரிகிறது. இன்று மூட்டம். வெளிறிய உருவமாக மட்டும் தெரிந்தது. எட்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக இங்கே இருந்து, 1666 ஜனவரியில் இறந்தார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது மூத்த மகள் ஜஹானாரா. அம்மா இறந்தபோது அவருக்கு வயது 17. அன்றிலிருந்து தம்பி தங்கைகளையும் அந்தப்புரத்தையும் தாங்கியவர். தகப்பனாருக்கு அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்த விரும்பினார், நடக்கவில்லை. உடலை ஆற்று வழியாகத் தாஜுக்குக் கொண்டுபோய் எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

மதியம் தாஜ்கஞ்சில், பச்சிகாரி எனப்படும் பளிங்கில் கல் பதிக்கும் வேலை செய்யும் கைவினைஞர் ஒருவரின் பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். தாஜோடு சேர்த்து மும்தாஜாபாத் என்ற பெயரில் உருவான கடைத்தெருப் பகுதி இது. இந்தக் கடைகளின் வருமானத்தையும் முப்பது கிராமங்களின் வருமானத்தையும் கல்லறைப் பராமரிப்புக்கென்றே எழுதி வைத்தார்கள். பெரியவர் சாணைச் சக்கரத்தைக் கையால் இழுத்து இழுத்து, நகக்கண் அளவு சிவப்புக் கல்லை இதழாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பளிங்கில் மருதாணி பூசி, அந்தச் சிவப்பில் கோடு கீறி, குழி வெட்டி, கல்லை வைத்து ஒட்ட வேண்டும். ஒரு பூவில் ஒரே நிறத்தின் ஐந்தாறு சாயல்கள். சிவப்புக் கல்லின் அடியில் கைவிளக்கை வைத்துக் காட்டினார். தணல் மாதிரி எரிந்தது.

தாஜைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜஹான் வெட்டிவிட்டார் என்று சொல்லப்படும் கதையைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். "வெட்டியிருந்தால் இந்த வேலை எனக்கு யார் கையிலிருந்து வந்திருக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. தாஜின் தலைமைக் கட்டடக் கலைஞர் உஸ்தாத் அஹமத் லாஹோரி அதன் பிறகு டெல்லி செங்கோட்டை வேலைக்குப் போனார். 1639இல் அது தொடங்கியது. அவர் மகன் அதாவுல்லா பீபி கா மக்பராவைக் கட்டினார். எத்தனையோ பேர் உழைப்பைக் கொட்டிய ஒரு வேலையைப் பற்றி நாம் நினைவில் வைத்திருப்பது ஒரு பொய்க் கொடூரத்தை மட்டும்தான் என்பது அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

சனி, ஆக்ரா

விடிவதற்கு முன்னாலேயே கிழக்கு வாசலில் வரிசை. உள்ளே போக 50 ரூபாய், சமாதி மண்டபத்துக்குள் போக மேற்கொண்டு 200 ரூபாய். இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பெரிய வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். எல்லாரும் வளைவுக்குள் தெரியும் தாஜைப் படமெடுக்க முண்டியடிப்பார்கள். வளைவைச் சுற்றிக் கறுப்புக் கல்லில் பதித்திருப்பது குர்ஆனின் 'ஃபஜ்ர்' அத்தியாயம். அமைதியடைந்த ஆத்மாவே, உன் இறைவனிடம் திரும்பி வா, என் சொர்க்கத்துக்குள் நுழை என்று முடிகிறது. இந்த எழுத்துகளை வடித்தவர் ஈரானின் ஷீராஸிலிருந்து வந்த அமானத் கான். அவ்வளவு பெரிய கட்டடத்தில் கையெழுத்துப் போட அனுமதி கிடைத்தது இவருக்கு மட்டும்தான். மண்டபத்தின் உள்ளே தன் பெயரையும் ஹிஜ்ரி 1048 (கி.பி. 1638-39) என்ற வருடத்தையும் பொறித்திருக்கிறார்.

தாஜின் முதல் பார்வையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அது நேரில் வாய்க்க வேண்டியது. பக்கத்தில் போகப் போக என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். தூரத்தில் மிதப்பதாகத் தெரிந்த கட்டடம் கிட்டே வந்ததும் பெரும் கனத்தோடு நிற்கிறது. 73 மீட்டர் உயரம். ஆற்றங்கரை மணலில் இவ்வளவு பாரம் நிற்பதற்காகக் கிணறுகளாக இறக்கி, கல்லும் சாந்துமாக நிரப்பித்தான் அஸ்திவாரம் போட்டார்கள். இந்த நிலம் ராஜா ஜெய்சிங்குடையது. பதிலுக்கு ஆக்ராவிலேயே நான்கு மாளிகைகளைக் கொடுத்திருக்கிறார்கள். பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது. 1632இல் தொடங்கிய வேலையில் கல்லறை மண்டபம் சுமார் 1643இல் முடிந்தது, மற்றவை மேலும் பல வருடம் நடந்தன.

உள்ளே படமெடுக்கக் கூடாது. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். எண்கோணமாகச் சுற்றி நிற்கும் பளிங்கு ஜாலி, அதாவது துளைகளிட்ட தடுப்பு, 1643இல் வைத்தது. அதற்கு முன் அங்கே தங்கக் கம்பித் தடுப்பு இருந்தது, திருட்டுக்குப் பயந்து எடுத்துவிட்டார்கள். ஜாலியின் துளை வழியாகப் பார்த்தால் நடுவில் மும்தாஜின் சமாதி. உண்மையான அடக்கத்தலம் இதற்குக் கீழே, நிலவறையில் இருக்கிறது. அது ஷாஜஹானின் உர்ஸ், அதாவது நினைவு விழா, நாட்களில் மட்டும்தான் திறக்கும்.

சமாதியின் மேல் இருக்கும் பாரசீக வரிகளின் பொருளை முன்பே படித்து வைத்திருந்தேன். மும்தாஜ் மஹால் எனப் பட்டம் பெற்ற அர்ஜுமந்த் பானு பேகத்தின் ஒளிமிகுந்த கல்லறை, மறைவு ஹிஜ்ரி 1040. அவ்வளவுதான். எத்தனை பிள்ளை, எந்த ஊர், எப்படி இறந்தார், எதுவும் இல்லை. புர்ஹான்பூர் என்ற பெயர்கூட இல்லை. அந்தப் பாராதரியைச் சுற்றி இருந்த புதர்களைப் பார்க்காமல் நேராக இங்கே வந்திருந்தால், நானும் பளிங்கைப் பார்த்து வியந்துவிட்டுப் போயிருப்பேன். இன்று எனக்கு அழுகை வந்தது. அக்கா ஜாலியைத் தொடாமல் கைகூப்பிக்கொண்டு நின்றாள். காவலர் "சலியே, சலியே" என்று நகர்த்தினார்.

வெளியே வந்து மேடையில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்: "அந்தக் கடைசிப் பொண்ணு என்ன ஆச்சு?" கௌஹர் ஆரா 1706 வரை இருந்தார். எழுபத்தைந்து வயது. "அப்பாடா" என்றாள் அக்கா, ஏதோ தன் வார்டில் பிறந்த குழந்தையைப் பற்றிக் கேட்டவள் மாதிரி.

மேற்கு வாசலுக்கு வெளியே, சத்தி-உன்-நிஸாவுடையது என்று சொல்லப்படும் கல்லறையையும் பார்த்தோம். புர்ஹான்பூரிலிருந்து தோழியின் உடலோடு வந்தவர். அதன்பின் இளவரசி ஜஹானாராவுக்குத் துணையாக இருந்தவர். லாகூரில் இறந்தவரை ஆக்ராவுக்குக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். நாங்கள் இருந்த வரை வேறு யாரும் வரவில்லை. தாஜுக்கு வருகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இங்கேயும் எட்டிப் பார்க்க வேண்டும்.

நாளை காலை டெல்லி. நிஜாமுதீனில் ஜஹானாராவின் கல்லறை இருக்கிறது. மேலே கூரை வேண்டாம், புல் போதும் என்று எழுதி வைக்கச் சொன்னவர். பார்த்துவிட்டு அங்கிருந்து எழுதுகிறேன்.